இரும்புக்குப் பேரீச்சம்பழம்

போன வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். மகளின் இரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஹீமோகுளோபின் 10.1. அவள் வயதுக்குக் குறைந்தது 11.5 இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஏழு வயதுப் பெண். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுகிறாள், வெயில்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். திருச்சியில் எதற்கும் வெயிலைக் காரணம் சொல்லிவிடலாம். குழந்தை மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரு பூச்சி மாத்திரையும், மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் அக்டோபரில் சோதிக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தாளைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "ரத்தம் கம்மியாமா? இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கே? தினம் நாலு பேரீச்சம்பழத்தப் பால்ல ஊறப்போட்டுக் குடுடா. மூணு மாசத்துல புள்ள தக்காளி மாதிரி ஆயிடுவா."

டானிக் குடிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல இருக்கிறதாம். மூன்றாம் நாள் வாந்தி. அடுத்த வாரம் பல்லில் லேசாகக் கறுப்பு. மலம் கறுப்பாகப் போகிறது என்று அவள் ஒரு நாள் அலறியே விட்டாள். இதெல்லாம் வரும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் காலை ஏழேகாலுக்கு, ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் டானிக் மூடியுமாக நிற்கிறவனுக்கு அந்த அறிவுரை எங்கே ஞாபகம் இருக்கும்? என் மனைவி காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவாள், காலைப் பொறுப்பு என்னுடையது. ஒரு நாள் மறந்தேன். அடுத்த நாள் மறந்ததுபோல இருந்துவிட்டேன். பிறகு பாட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே ஏறி, பழைய காலண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பேரீச்சம்பழம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம்தான் இன்னும் உறுத்துகிறது.

வண்டிக்காரர் வரும் நேரம்

எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். எண்பதுகளின் கடைசியில், பள்ளி விடுமுறை நாட்களில், பதினோரு மணி வாக்கில் ஒரு தள்ளுவண்டி வரும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று அந்தக் குரல் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். என் வயதுக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எதற்கும் உதவாத சாமானைப் பார்த்து "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று இன்றைக்கும் சொல்கிறோம், வண்டி போய் இருபது முப்பது வருடமான பிறகும்.

அவர் கொண்டுவந்த பழத்தை இன்று யாரும் பழம் என்று சொல்ல மாட்டார்கள். அது ஒரு கறுத்த பிண்டம். ஓலைப்பாயில் வைத்து அழுத்தி, ஒன்றோடொன்று கூழாகி, கொட்டையும் சருகும் மணலும் கலந்து, மேலே நாலு ஈ உட்கார்ந்திருக்கும். ஈராக்கின் பஸ்ரா பக்கத்துப் பழங்கள் உலகமெங்கும் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்ததும் அதில் அடிமட்டச் சரக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். கத்தியால் கீறி எடுத்து, தராசில் போட்டு, செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பார். பழத்தோடு கொஞ்சம் தலைப்புச் செய்தியும் ஒட்டிக்கொண்டு வரும். ஊர்ப் புறம்போக்கில் ஈச்சம்புதர் உண்டு. அதில் கிடைக்கிற பழத்தில் கொட்டை போக நாக்கில் தடவிக்கொள்ளும் அளவுக்குத்தான் சதை. அந்த ஈச்சைக்குப் பெரிய அண்ணன் என்பதால்தான் இதற்குப் பேர் பேரீச்சை என்று தமிழய்யா சொன்னபோது, வகுப்பில் எனக்கு மட்டும் வாய் ஊறியது.

ஒரு முறை வீட்டில் போடுவதற்கு ஒன்றும் இல்லை. கொல்லைப்பக்கம் கிணற்றடியில் இரும்பு ராட்டினம் ஒன்று கிடந்தது. துருப்பிடித்திருந்தது, கயிறும் இல்லை. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். இரண்டு கை கொள்ளாத அளவு பழம் கிடைத்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவனாகவே தின்று முடித்தேன். எண்ணெய் போட்டுக் கிணற்றில் மறுபடி மாட்டுவதற்காக அப்பா கழற்றி வைத்திருந்த ராட்டினம் அது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அடி விழுந்தது இருக்கட்டும். புது ராட்டினம் வாங்கும்வரை ஒரு வாரம் எல்லோரும் கையால் கயிறு இழுத்தோம். இன்றும் அம்மா உறவுக்காரர்கள் நடுவில் என்னை அறிமுகப்படுத்தும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

நாலு பழம், மூன்று மாதம்

ஆக, அம்மாவின் வைத்தியம் தொடங்கியது. இரவு நாலு பழத்தைக் கொட்டை எடுத்து வெந்நீரில் போட்டு, காலையில் பாலில் மசித்துக் கொடுப்போம். மகள் சந்தோஷமாகக் குடித்தாள். யார்தான் குடிக்க மாட்டார்கள், அது அவ்வளவு தித்திப்பு. நானும் மொத்தமாக இரண்டு கிலோ வாங்கிவந்து, அடுப்புக்கு மேல் தட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். பேரீச்சம்பழம் கெடாது என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத இன்னொரு நம்பிக்கை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கை முதலில் போனது. மகள் டப்பாவிலிருந்து தானாகவே ஒரு பழத்தை எடுத்துப் பிட்டாள். உள்ளே கொட்டை இருக்கும் பள்ளத்தில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. அவள் கத்தவில்லை. பழத்தை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள யாரோ இருக்காங்க" என்றாள். அதுவரை முழுசு முழுசாக நானே எத்தனை பழம் வாயில் போட்டிருப்பேன் என்று நினைத்து எனக்குத்தான் குமட்டியது. மிச்சத்தைப் பிட்டுப் பார்த்தேன். பத்தில் ஒன்றில் புழுவோ அதன் எச்சமோ இருந்தது. இரண்டில் உள்ளே கரித்தூள்போலக் கறுப்புப் பூஞ்சை. வெளியே பார்த்தால் அத்தனையும் பளபளவென்று நல்ல பழம். அவள் ஒரு மாதம் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை, அப்பத்தா மசித்துக் கொடுத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அக்டோபரில் மறுபடி பரிசோதனை. 10.0.

மருத்துவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டானிக் ஒழுங்கா குடிச்சாளா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "அதுக்குப் பதிலா பேரீச்சம்பழம் சாப்பிட்டேன் டாக்டர்." மருத்துவரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவை வைத்தார். "எத்தனை பழம்?" நாலு என்றேன். "சின்ன பழமா? கொட்டை போக ஒன்னு ஏழு கிராம், எட்டு கிராம் இருக்கும். நாலு பழம் 30 கிராம்னு வச்சுக்குவோம். 100 கிராம் பேரீச்சம்பழத்துல இரும்பு சுமார் 1 மில்லிகிராம். அப்ப உங்க நாலு பழத்துல?" 0.3 என்றேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பதுபோல இருந்தது. "இவ வயசுக்கு ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம். பழத்துல மட்டும் அது வரணும்னா தினம் ஒன்றரைக் கிலோ ஊட்டணும். ஊட்டுவீங்களா?" அப்புறம் கடைசியாக ஒரு வரி எழுதினார். "இவ எடை 20 கிலோ. ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் போகணும்னு கணக்குப் போட்டுத்தான் நான் டானிக் எழுதினேன்."

அறுபதை விட்டுவிட்டுப் புள்ளி மூன்றைப் பிடித்திருக்கிறேன். இருநூறில் ஒரு பங்கு.

சில அட்டவணைகளில் காய்ந்த பேரீச்சைக்கு இதைவிட அதிக இரும்பு போட்டிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். ரகத்துக்கு ரகம் மாறும்தான். நான் பார்த்ததிலேயே பெரிய எண்ணை எடுத்துக்கொண்டாலும் நாலு பழத்தில் 2 மில்லிகிராமை ஒட்டித்தான் வருகிறது. காய்கனி, தானியங்களில் இருக்கிற இரும்பில் உடம்பு பிடித்துக்கொள்வதோ இன்னும் குறைவு. கூடவே பாலைக் கொடுத்தால் அதுவும் குறையும் என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் கொடுத்ததே பாலில்தான். ஆனால் அன்றைக்கு நான் எந்த அட்டவணையையும் யோசிக்கவில்லை. மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாலக்கரைப் பாலத்தில் ஏறும்போது, முன்னால் ஒரு மூன்று சக்கர வண்டி ஒலிபெருக்கியில் பழைய சாமான் கேட்டுக்கொண்டு போனது. பதிவு செய்த குரல், பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, இப்போதெல்லாம் காசுதான். எனக்குக் கிணற்றடி ராட்டினம் ஞாபகம் வந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து, அதே ஆள், மறுபடியும் இரும்பைக் கொடுத்துவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்கி வந்திருக்கிறான்.

அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எங்க காலத்துல புள்ள பெத்தவளுக்கெல்லாம் குடுத்தோமே, அதெல்லாம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தை பெற்று மெலிந்து கிடக்கிறவளுக்கு நாலு பழம் தெம்பு கொடுத்திருக்கும், அது பொய்யில்லை. 100 கிராமில் 280 கலோரி, நல்ல நார்ச்சத்து, பொட்டாசியம் தாராளம். கறுப்பாக இருப்பதும் காய்ந்திருப்பதும் இரத்தத்துக்கு நல்லது என்று எப்படியோ ஒரு கணக்கு நமக்குள் ஓடுகிறது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் என்பதும் அதே கணக்குதான்.

டானிக் காலண்டருக்குப் பின்னாலிருந்து இறங்கவில்லை, அது காலாவதியாகியிருந்தது. புதிது வாங்கினோம். எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்து, உடனே வாய் கொப்பளிக்க வைத்தோம். மாலையில் அம்மா தன் டம்ளரிலிருந்து அவளுக்கு ஊற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினோம். ஜனவரியில் 11.9.

பாயின் கடை

ஆனாலும் பேரீச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருந்து வேலைக்கு அதை அனுப்பியது நாங்கள்தானே. 100 கிராமில் 65 கிராம் சர்க்கரை வைத்திருக்கிற பழம் தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அது இனிப்பு. இனிப்பாக மட்டும் பார்த்தால், சீனியைவிடவும், கடையில் வாங்கும் பிஸ்கட்டைவிடவும் எவ்வளவோ மேல். அப்படி முடிவு செய்த பிறகுதான் அதை ஒழுங்காக வாங்கவும் வைக்கவும் சமைக்கவும் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் காந்தி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பாய். நோன்பு மாதத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போனேன். புதுச் சரக்கு இறங்கிக் கடை நிரம்பியிருந்தது. நான் வழக்கம்போலப் பளபளப்பான பெட்டியில் கை வைத்தேன். "தம்பி, அது வெளிய பூசின பளபளப்பு. லேபிளைப் படிச்சுப் பாரு" என்றார். உண்மைதான், குளுக்கோஸ் சிரப் என்று போட்டிருந்தது. 65 சதவீதம் சர்க்கரை இருக்கிற பழத்துக்கு மேலே இன்னொரு பூச்சு. நல்ல பழத்தின் தோல் சுருங்கியிருக்கும், மங்கலாக இருக்கும், கையில் பிசுபிசுப்பு அதிகம் ஒட்டாது. முகர்ந்தால் புளித்த கள் வாடை வரக் கூடாது. மேலே வெள்ளையாக இருந்தால் உடனே பூஞ்சை என்று ஒதுக்க வேண்டாம். வெந்நீரில் தொட்டுத் தேய்த்தால் கரைகிறதா, அது பழத்தின் சர்க்கரையே வெளியே பூத்தது. கரையாமல் பஞ்சுபோல நின்றாலோ, வாடை அடித்தாலோ தூக்கிப்போட வேண்டியதுதான்.

பழம் மூன்று பருவத்தில் விற்பனைக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் அரபியில் பெயர் உண்டு என்று விரலை மடக்கிச் சொன்னார். கலால் என்றால் மஞ்சளாகவோ சிவப்பாகவோ, கடித்தால் நறுக்கென்று இருப்பது. ருதப் என்றால் பழுத்துக் குழைந்து ஈரமாக இருப்பது. தமர் என்றால் மரத்திலேயே காய்ந்து சுருங்கியது. இந்த மூன்றும் தெரியாததால்தான் நான் டப்பாவைக் கெடுத்திருக்கிறேன். ஈரானின் பம் பகுதியிலிருந்து வருகிற மஸாஃபத்தி, அதாவது நம் கடைகளில் கிமியா என்று பெட்டியில் விற்கிற கறுப்புப் பழம், ருதப் வகை. அதில் ஈரம் அதிகம். அதை வெளியே வைப்பது பழுத்த மாம்பழத்தை மாதக்கணக்கில் வெளியே வைப்பதுபோல. கடைக்காரரே ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்க வேண்டும், வெளியே அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். மதீனாவின் அஜ்வா, மொராக்கோவைத் தாயகமாகக் கொண்ட மெட்ஜூல் எல்லாம் விருந்தாளிப் பழங்கள். மெட்ஜூல் ஒன்றே 20 கிராமைத் தாண்டும், நடுவில் கீறி ஒரு பாதாமை வைத்துக் கொடுத்தால் தனியாகப் பலகாரம் எதற்கு? அதை மிக்ஸியில் போட்டு அரைப்பது பட்டுச் சேலையைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவதற்குச் சமம். உருண்டைக்கும் மாவுக்கும் ஜாஹிதி மாதிரி சாதாரண, பாதி காய்ந்த பழமே போதும், காசும் மிச்சம்.

கலால் பருவத்துக் காயைப் பார்க்க வளைகுடாவுக்குப் போக வேண்டியதில்லை. தர்மபுரி அரியாகுளம் பக்கம் பர்ஹி ரகம் பயிராகிறது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை, நம் ஊர்த் தள்ளுவண்டிகளில்கூட மஞ்சள் காய் கொத்தோடு தொங்கும். மற்ற ரகங்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில் நாக்கைத் துவர்ப்பில் பிடித்து இழுக்கும். பர்ஹி காயாக இருக்கும்போதே இனிக்கும். மகளுக்கு அது இனிப்புக் கொய்யா மாதிரி இருக்கிறதாம். எனக்குக் கரும்புக்கும் தேங்காய்க்கும் நடுவில் எதுவோ ஒன்று. இரண்டு மூன்று நாளில் அடியிலிருந்து குழைய ஆரம்பிக்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

சரி, வைப்பது. வாங்கி வந்ததும் பழத்தை அப்படியே ஃபிரீசரில் ஐந்து நாள் போட்டுவிடுகிறேன். அந்தக் குளிரில் புழுவும் முட்டையும் செத்துவிடும். சர்க்கரை அதிகம் என்பதால் பழம் கல்லாக உறையாது, எடுத்த பத்தாவது நிமிடத்தில் கத்தி இறங்கும். பிறகு கண்ணாடிப் பாட்டிலில் இறுக்க மூடி ஃபிரிட்ஜில். மூடி சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற கருவாட்டுக் குழம்பின் வாசம் பழத்தில் ஏறிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். கழுவி வைக்கக் கூடாது, எடுக்கும்போதுதான் கழுவ வேண்டும். எத்தனை உயர்ந்த பழமானாலும், ஃபிரீசரில் இருந்தாலும், குழந்தை கைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் நாம் பிட்டுப் பார்த்துவிட வேண்டும். இதில் மட்டும் நான் சமரசமே செய்வதில்லை. கொட்டை நீக்கியது என்று எழுதின பாக்கெட்டிலும் ஒன்றிரண்டு கொட்டை கிடக்கிறது. நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பழமே ஆகாது, ஒட்டும் பண்டம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தங்கை மகனுக்கு மசித்தோ பொடியாக நறுக்கியோதான் கொடுக்கிறோம்.

மிக்ஸி புகைந்த கதை

"சர்க்கரையே சேர்க்காத லட்டு" என்று ஒரு காணொளி. பேரீச்சம்பழம் அரைக் கிலோ, முந்திரி, நெய். பார்த்தவர்களெல்லாம் கைதட்டிச் சின்னம் போட்டிருந்தார்கள். அரைக் கிலோ பழத்தில் முந்நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறதே, அது எங்கே போயிற்று? சீனி டப்பாவைத் திறக்கவில்லை என்பதற்காக இனிப்பு இனிப்பில்லாமல் போகுமா? பல்லில் ஒட்டிக்கொள்வதில் சீனி மிட்டாய்க்கு எந்த விதத்திலும் இது குறைந்ததில்லை. சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும். எரிச்சலோடுதான் அந்த லட்டைச் செய்து பார்த்தேன். குளிர்ந்த பழத்தை அப்படியே மிக்ஸியில் போட்டேன். பிளேடைச் சுற்றி ஒரே பந்தாக உருண்டு, மோட்டார் முனகி, கருகின வாடை வந்து நின்றது. மிக்ஸி சரி செய்ய ஆன காசில் மெட்ஜூலே வாங்கியிருக்கலாம்.

பிறகு அம்மாதான் வழி சொன்னார். அவர் ஒரு காலத்தில் எள்ளுருண்டை பிடிப்பதில் கெட்டிக்காரர். "எள்ளுக்கு வெல்லப்பாகு காய்ச்சுவோம்ல, பாகுக்குப் பதிலா உன் பழத்தப் போடு." எள் 100 கிராமில் 14 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது என்று நான் அட்டவணையில் பார்த்திருந்தேன். இனிப்புக்குப் பழம், இரும்புக்கு எள். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் தோன்றியது எங்கள் வீட்டில் அபூர்வம்.

எங்கள் அளவு இது. கறுப்பு எள் 100 கிராம், கழுவிக் காயவைத்து, வெறும் வாணலியில் படபடவென்று பொரிகிறவரை வறுக்க வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் கசக்கும், கண்ணும் காதும் அங்கேயே இருக்கட்டும். தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 50 கிராம். இரண்டையும் ஆறவைத்து, விட்டு விட்டுச் சுற்றிக் கொரகொரப்பாகப் பொடிக்கவும், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். கொட்டை எடுத்த பழம் 200 கிராம் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி நெய்யில் சின்னத் தீயில் கிளறினால் ஐந்து நிமிடத்தில் கரண்டிக்கு அடங்கிக் குழையும். பழம் வறண்டு கிடந்தால் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள், மிக்ஸியே வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைக் கொட்டி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் வெறும் தித்திப்புதான் நிற்கும். சூடு பொறுக்கும்போதே நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் இருபது வரும். ஒன்றில் ஒன்றரைத் தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது, முக்கால் மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் பொட்டுக்கடலை போடலாம். எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

மற்றவை கலவையான வெற்றிகள். கேழ்வரகு மாவில் பழ விழுதும் மசித்த வாழைப்பழமும் கலந்து தோசைக்கல்லில் குட்டி அடையாகச் சுட்டால் நன்றாக வருகிறது. தீ மட்டும் சிறிதாக இருக்க வேண்டும், பழச் சர்க்கரை கண்ணிமைக்கும் நேரத்தில் கருகும். கொழுக்கட்டைப் பூரணத்தில் வெல்லத்தைப் பாதியாக்கி மீதிக்குப் பழம் போட்டதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. புளியோடு வேகவைத்து, சீரகம், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து அரைத்த இனிப்புச் சட்னி குழிப்பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ள அபாரம். காரம் என்றாலே ஓடுகிற மகள் அதைத் தனியாகவே நக்கித் தின்கிறாள். பேரீச்சம்பழக் கேசரி மட்டும் செய்யாதீர்கள். களிமண் நிறத்தில் வந்தது. அப்பா மூன்று நாள் அதைப் பற்றியே பேசினார். பஞ்சாமிர்தத்தில் பேரீச்சம்பழம் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று பழனியில் நக்கிக்கொண்டே யோசித்திருக்கிறேன். அங்கே அது வாழைப்பழத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் நடுவில் ஒரு கடிக்காகத்தான் இருக்கிறது. எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் யாரும் ஏற்றவில்லை.

சிற்றுண்டி டப்பா

இப்போது வாரத்தில் மூன்று நாள் மகளின் டப்பாவில் எள்ளுருண்டை இரண்டு போகிறது. டப்பா தினமும் காலியாகவே திரும்பி வந்தது. அம்மாவுக்கு ஏகப் பெருமை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் செய்முறை சொல்லிக் கொடுத்துவிட்டார், கடைசியில் "ரத்தம் ஊறும்" என்று சேர்த்துக்கொள்ளத் தவறவில்லை. நான் திருத்தவில்லை, எள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது அவள் சட்டைக் காலரில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொடி ஒட்டியிருந்தது. என்ன இது என்றேன். சிப்ஸ் என்றாள். சிப்ஸ் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் உட்காருகிற பெண் கொண்டுவருகிறாளாம். அவளுக்கு எள்ளுருண்டை ரொம்பப் பிடிக்குமாம். ஒரு உருண்டைக்கு ஆறு சிப்ஸ் என்று பேச்சாம், ஜனவரியிலிருந்து நடக்கிறதாம்.

இரவு சாப்பாட்டின்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் புரை ஏறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பேத்தியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "கண்ணு, உங்கப்பன் ஒரு தடவ கிணத்து ராட்டினத்தத் தூக்கிக்கிட்டுப் போனான் தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

மகள் முழுக் கதையையும் கவனமாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் அவளுக்கு. "அவ்ளோ பெரிய இரும்புக்கு ரெண்டு கை பழம்தான் குடுத்தாங்களா அப்பா? நீ கூடக் கேக்கலையா?"